வேடமும் கூட்டமும்



தாம்பரத்திற்குத் தெற்கே, பெருங்களத்தூரை ஒட்டி, ஏரிக்கரையில் அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. 2021ஆம் ஆண்டில் அது தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நான் வாழும் ஊர் அதுவே. ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று எங்கள் ஊரை ஒட்டிய ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தால், சென்னை நகரமே தெற்கு நோக்கி நடக்கிறதோ என்று எண்ணத் தோன்றும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செல்லும் கூட்டம் அது. குழந்தைகள் காணாமற்போனால் கண்டுபிடிப்பதற்காகப் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி அவர்களுடைய மணிக்கட்டில் பட்டையாகக் கட்டிவிடும் வழக்கமும் அங்கே உண்டு.

விலங்கைக் காணச் செல்லும் கூட்டத்தை ஆள்வது ஒருவகையில் எளிது. புலிக்கும் நமக்கும் இடையே அகழி இருக்கிறது. புலியைத் தொட்டுப் பார்க்க எவரும் விரும்புவதில்லை. ஆனால், ஒரு மனிதன் புலி வேடம் அணிந்து வந்தால் என்ன ஆகிறது? அகழி இல்லை; அச்சமும் பாதிதான். குழந்தை தொட வேண்டும் என்கிறது. இளைஞன் வாலை இழுக்க வேண்டும் என்கிறான். எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நிற்க விரும்புகிறார்கள். உள்ளே இருப்பவனுக்கோ கண்ணும் காதும் மூச்சும் பாதியாகக் குறைந்திருக்கின்றன. வேடம் அணிந்தவனும் அவனைக் காண வந்தவர்களும் ஒருவரால் ஒருவர் துன்புறாமல் சந்திப்பதற்கு மனிதர் என்னென்ன ஏற்பாடுகளைக் கண்டனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதையும் வரலாறு என்று சொல்லலாமா என மாணவ நண்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். அரசர் போர்களை மட்டும் வரலாறென்று நாற்பதாண்டு காலம் கற்பித்தவன் நான். அந்தக் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஈடுபாடு வந்த கதை பெருமைக்குரியதன்று. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்பொழுது நான் வேலைபார்த்த பள்ளியில் ஆண்டுவிழா. வாயிலில் நின்று சிறுபிள்ளைகளை வரவேற்க ஒரு கரடி இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இசைந்தான். சணலால் உடல் செய்தோம். காகிதக் கூழால் தலை செய்தோம். கண்ணுக்கு இரண்டு சிறு துளைகள் விட்டோம். மாலை ஐந்து மணிக்கு அவனை வாயிலில் நிறுத்திவிட்டு, நான் மேடை வேலையைக் கவனிக்கப் போய்விட்டேன்.

கால் மணி நேரத்தில் கூச்சல் கேட்டது. ஓடிச் சென்று பார்த்தேன். ஐம்பது அறுபது பிள்ளைகள் அவனைச் சுற்றி வளைத்திருந்தனர். யாரோ வாலை இழுக்க, வேறு யாரோ தோளைப் பிடித்துத் தொங்க, கரடித்தலை பக்கவாட்டில் திரும்பிவிட்டது. கண்துளைகள் காதுப்பக்கம் போய்விட்டன. மூச்சுத் திணறி அவன் கீழே விழுந்து கிடந்தான். விழுந்ததும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று எண்ணிப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தனர். தலையைக் கழற்றி, முகத்தில் நீர் தெளித்து, அவனை நிழலில் கிடத்தினோம். கண் திறந்ததும் அவன் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “கைகள்தான் சார் தெரிந்தன, முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை.”

மறுநாள் அவனுடைய பாட்டனார் பள்ளிக்கு வந்தார். செங்கற்பட்டுப் பக்கத்தில் பல ஆண்டுகள் தெருக்கூத்து ஆடியவர். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கடியவில்லை. “வாத்தியாரய்யா, பிள்ளைக்கு வேடம் கட்டினீர்கள்; சரி. திரை பிடிக்க யாரை வைத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அக்கேள்வி உடனே விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயன்றதன் பயனாகவே இப்பேச்சு பிறந்தது.

தொண்டைமண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும்பொழுது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழும். அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். துரியோதனனோ துச்சாதனனோ திடீரென்று வந்து கூட்டத்தின் நடுவே நிற்பதில்லை. முதலில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு களரிக்குள் வருகிறார்கள். வேடம் அணிந்தவர் அதன் பின்னே நின்று பாடுகிறார். தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்கிறார். கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. கூட்டம் எட்டிப் பார்க்கிறது, கழுத்தை நீட்டுகிறது, ஆனால் இருந்த இடத்தை விட்டு எழுவதில்லை. திரை விலகும்பொழுது எல்லார் கண்ணுக்கும் அவர் ஒருசேரத் தெரிகிறார். முன்வரிசைக்காரனுக்கு முதலில், பின்வரிசைக்காரனுக்குப் பிறகு என்ற பேதம் அங்கில்லை. ஆகவே நெருக்கி முன்னே வரவேண்டிய தேவையும் இல்லை.

கட்டை வேடம் என்று கூத்தர் சொல்லும் பெரிய வேடங்களுக்குக் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் உண்டு. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் அவற்றைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டுவர். எடை குறைந்த மரமானாலும், இரவு முழுவதும் தாங்கி ஆடுபவனுக்கு அது சுமைதான். முகம் மறைக்கப்படாமல் அரிதாரம் பூசப்படுவதால் மூச்சுக்குத் தடை இல்லை. நான் செய்த கரடித்தலையைவிடக் கூத்தரின் ஒப்பனை எத்துணை அறிவுடையது என்பதை அன்றே உணர்ந்து வெட்கினேன்.

அடுத்தவன் கட்டியக்காரன். நாம் அவனைக் கோமாளி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவனுடைய உண்மையான வேலையைப் பாருங்கள். அரசவேடம் வருவதற்கு முன் வருகிறான். அரசனைக் கேள்வி கேட்டு அவன் யாரென்பதைக் கூட்டத்திற்கு அறிவிக்கிறான். அடுத்த வேடக்காரருக்கு ஒப்பனை முடியவில்லையென்றால் அதுவரை தனியாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறான். களரிக்குள் நுழையும் குறும்பனை அவன் அடிப்பதில்லை. அவனைப் பெயர் சொல்லி விளித்து ஒரு பகடி செய்கிறான், ஊரே சிரிக்கிறது, குறும்பன் தானாகவே அமர்ந்துவிடுகிறான். தடியால் ஆகாதது ஒரு சொல்லால் ஆகிவிடுகிறது.

கூட்டமும் வேடமும் மிக நெருங்கும் இரவு அருச்சுனன் தபசு. கோயிலுக்கு எதிரே உயரமான தபசு மரம் நடப்பட்டிருக்கும். அருச்சுனன் வேடம் அணிந்தவர் பாடிக்கொண்டே படிப்படியாக அதில் ஏறுவார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் மரத்தைச் சுற்றி ஈரப்புடவையோடு காத்திருப்பர். உச்சியிலிருந்து அவர் பழமும் பூவும் திருநீறும் வீச, முந்தானையை ஏந்தி வாங்கிக்கொள்வர். சிறுவனாக இருந்தபொழுது என் அத்தையோடு சென்று அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் அந்த வேடக்காரரிடமிருந்து ஏதோ ஒன்று நேரே வரவேண்டும். அத்துணை பேரும் அவரை நெருங்கினால் அவர் கதி என்னாகும்? ஏற்பாட்டைப் பாருங்கள்: அவரை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டனர், அவர் தருவதை மட்டும் எல்லாரிடமும் இறங்கிவரச் செய்துவிட்டனர். அன்று என் அத்தையின் முந்தானையில் ஓர் எலுமிச்சம்பழம் விழுந்தது. அதை அவர் வீடு சேரும்வரை கையைவிட்டு விடவில்லை.

அச்சுறுத்தும் வேடமாக இருந்தால் வேறு ஏற்பாடு வேண்டும். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. வேங்கடராம சாத்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை அங்கே ஆடுகின்றனர். நரசிம்மரின் முகமூடியைக் கோயிலில் வைத்து வழிபடுவர். அதை அணிபவர் விரதம் இருப்பார். அணிந்தவுடன் ஆவேசம் வருமாதலால், அவர் இரணியன்மேல் உண்மையாகவே பாய்ந்துவிடாதபடி சிலர் அவரைப் பின்னும் பக்கமும் நின்று இறுகப் பிடித்துக்கொள்வர். மேடையில் நிற்கும் அந்த ஆட்களுக்கு வேடமில்லை, வசனமில்லை. ஆயினும், அவர்கள் இல்லாமல் அக்காட்சி நடவாது. முகமூடி அணிந்தவனுக்குப் பக்கத்தில் முகமூடி அணியாத ஒருவன் இருந்தாக வேண்டும் என்ற விதியை அங்கே கண்ணாற் காணலாம்.

இனிக் கடல் கடந்து செல்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், கலிபோர்னியா மாநிலத்து அனகைம் நகரில், வால்ட் டிஸ்னி என்பவர் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவை 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் திறந்தார். அன்று அழைக்கப்பட்டோரினும் மிகப் பலர், ஏறத்தாழ 28,000 பேர், உள்ளே புகுந்துவிட்டனர். போலி நுழைவுச்சீட்டு அச்சடித்தவர் பலர். வேலியில் ஏணி சாய்த்து ஆள் ஏற்றிக் காசு வாங்கியவனும் ஒருவன் உண்டு என்பர். வெயிலில் புதிய தார் இளகி, பெண்களின் குதியுயர்ந்த காலணிகள் அதில் பதிந்தனவாம். மிக்கி எலி முதலிய படக்கதை உருவங்கள் அங்கே நடமாடின. அவற்றின் உடைகள் பூங்காவுக்கென்று தைத்தவையல்ல; பனிச்சறுக்கு நடனக் குழு ஒன்றிடமிருந்து கடன் வாங்கியவை. பனித்தரையில் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் செய்த தலைகளை அணிந்துகொண்டு, தார்த்தரையில் குழந்தைகளின் நடுவே நடந்தால் எப்படியிருக்கும்? என் கரடியின் நினைவு வருகிறது. செல்வம் மிகுந்த நாட்டிலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது.

தொடக்க நாட்களில் அவ்வுருவங்கள் வீதியில் உலவும். கண்டவர் ஓடிச்சென்று சூழ்ந்துகொள்வர். நாளடைவில் ஒவ்வொரு வேடத்திற்கும் வேடமில்லாத ஓர் உடனாள் துணைவரும் முறை நிலைபெற்றது. வேடத்தினுள் இருப்பவர் பேசக்கூடாது. சரியாகப் பார்க்கவும் முடியாது. ஆகையால், அவருக்காகப் பார்ப்பவரும் பேசுபவரும் உடனாளே. வரிசையை ஒழுங்குசெய்வதும், இதற்குமேல் இம்முறை இல்லை என்று வரிசையின் கடைசியில் நின்று சொல்வதும், உரிய நேரத்தில் வேடக்காரரை இளைப்பாற உள்ளே அழைத்துச் செல்வதும் அவர் வேலை. வரிசையை முடிப்பதுதான் இவற்றுள் கடினமானது. நெடுநேரம் நின்ற குழந்தையிடம் மிக்கி போய்விட்டார் என்று சொல்லும் பொறுப்பு எந்தத் தலைமையாசிரியனுக்கும் வரவேண்டாம்.

அடுத்த மாற்றம் இன்னும் நுட்பமானது. மிக்கி எலிக்கு அறுபதாம் ஆண்டு நிறைந்த 1988இல், புளோரிடா மாநிலத்து மாஜிக் கிங்டம் பூங்காவில் அதற்கென்று ஒரு தனிப் பகுதி அமைத்தனர். 1993இல் கலிபோர்னியாவிலும் மிக்கியின் வீடு என்று ஒரு வீடு கட்டினர். வேடம் மக்களைத் தேடி வீதிக்கு வருவதற்கு மாறாக, மக்கள் அதன் வீட்டுக்கு விருந்தாளிகளாகச் செல்லலாயினர். வரிசை அந்த வீட்டின் அறைகள் வழியே நகர்கிறது: அதன் கூடம், அது துணி வெளுக்கும் அறை, அதன் தோட்டம். பின்பு ஒரு கொட்டகையில் பழைய படத்துண்டுகளைக் காட்டுகின்றனர். அதன்பின் சிறுசிறு குழுவாக உள்ளே அழைக்கின்றனர். காத்திருக்கிறோம் என்ற எண்ணமே எழாதபடி காத்திருப்பதையும் விருந்தாக்கிவிட்டனர். ஒப்பனை முடியும்வரை ஊரைச் சிரிக்கவைத்த நம் கட்டியக்காரனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உலகத்தில் உள்ளதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். கூத்தரிடமிருந்து அமெரிக்கர் இதைக் கற்கவுமில்லை. ஒரே இடர்ப்பாடு இரண்டு இடங்களில் தோன்றினால், ஒத்த விடைகளும் தோன்றுவது இயல்பு.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் துன்பம் நேராமலில்லை. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே புளோரிடாப் பூங்காவில், புளூட்டோ என்னும் நாயின் வேடம் அணிந்திருந்த ஊழியர் ஒருவர் ஊர்வல வண்டியில் அகப்பட்டு உயிரிழந்தார். சிரித்த முகத்தோடு கூடிய வேடத்தினுள் இருந்தவர் கூலிக்கு உழைத்த ஒரு மனிதர் என்பதை அன்று உலகம் சற்றே நினைத்துப் பார்த்தது.

நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே சென்றால், கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே நின்ற சிலை மனிதரைச் சென்னையைச் சுற்றியுள்ள பள்ளிப்பிள்ளைகளில் அறியாதவர் குறைவு. அரண்மனைக் காவலர் போன்ற உடையோடு, அசையாமல், சிரிக்காமல் மணிக்கணக்காக நிற்பதே அவர் தொழில். இலண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலரைக் கண்டதனால் எழுந்த எண்ணம் அது என்று சொல்லப்படுகிறது. ஒருமுறை மாணவர்களை அங்கே சுற்றுலா அழைத்துச் சென்றேன். முதல் ஐந்து நிமிடம் முகத்தைக் கோணினர், குரங்குபோல் குதித்தனர், விடுகதை சொன்னர். அவர் கண் இமைத்ததே தவிர வேறொன்றும் அசையவில்லை. பிறகு ஒருவன் விலாவில் விரலால் குத்தக் கையை நீட்டினான். நான் வாய் திறப்பதற்குள், மற்றைப் பிள்ளைகளே “தொடக்கூடாதுடா, அது அழுகுணி ஆட்டம்” என்று அவன் கையைத் தட்டிவிட்டனர்.

இதை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். அவரைக் காத்தது எது? கூட்டம் அங்கே வெறும் கூட்டமாக இல்லை. ஓர் ஆட்டத்தில் எதிர்க்கட்சியாக இருந்தது. தொடாமல் சிரிக்க வைத்தால்தான் வெற்றி. தொட்டால் வெற்றிக்கு மதிப்பில்லை. விதி தெரிந்தவுடன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் காவலராகிவிட்டனர். எனினும், அந்த வெயிலில் அசையாமல் நிற்பவரின் முழங்காலைப் பற்றி அன்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேடக்காரர் ஒருவராக இருக்கும் இடங்களையே இதுவரை கண்டோம். வேடக்காரரே பெருங்கூட்டமாக இருந்தால்? தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய குலசேகரப்பட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் அதைக் காணலாம். நேர்ந்துகொண்டவர்கள் மாலை அணிந்து, பல நாள் விரதம் காத்து, காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் அரசனாகவும் வேடம் புனைகின்றனர். குழுக்குழுவாக ஊர்ஊராகச் சென்று, வீடுவீடாகக் காணிக்கை பெற்று, விழாவின் இறுதியில் கோயிலில் செலுத்துகின்றனர். விசயதசமி இரவு, கடற்கரையில் மகிடாசுரனை அம்மன் வதைக்கும் நிகழ்ச்சி. யானைத்தலை, சிங்கத்தலை, எருமைத்தலை என்று அசுரன் உருமாறி வர, இலட்சக்கணக்கானோர் மணலில் நின்று காண்கின்றனர்.

அக்கூட்டத்தைத் தடுப்புக் கட்டைகளாலும் காவலர்களாலும் மட்டும் ஒழுங்குசெய்ய இயலுமா? பாதி வேலையை விழாவின் அமைப்பே செய்துவிடுகிறது. ஒரு சிற்றூர்க் குழந்தை காளியைக் காண்பதற்குக் குலசேகரப்பட்டினம் போக வேண்டுவதில்லை. காளியே அதன் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறாள். ஒரே இரவில் ஓர் இடத்தில் நேர வேண்டிய சந்திப்பு பல நாட்களுக்கும் பல தெருக்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வேடம் அணிந்தவர் தனியாக வருவதில்லை. குழுவும் மேளமும் உடன் வருகின்றன. இருந்தும் கடைசி இரவு கடினமானதே. கையில் உள்ள சூலமும் வாளும் நெரிசலில் பிறர்மேல் படும் என்பதால், இரும்புக் கருவிகளைத் தவிர்க்கும்படி காவல்துறை அறிவிக்கிறது. அட்டையிலும் தகரத்திலும் செய்தவற்றை ஏந்துகின்றனர். 2020ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், வதை நிகழ்ச்சியைக் கடற்கரையை விட்டு, பக்தர் கூட்டம் இல்லாமல் கோயில் வளாகத்திலேயே நடத்தினர். அந்த இரவு அந்த மணல்வெளி எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கரடியின் கதையை முடிக்கவில்லை. அந்தப் பாட்டனார் கேட்டுச் சென்ற கேள்வி ஓராண்டு முழுவதும் என் மேசைமேல் கிடந்தது. அடுத்த ஆண்டுவிழாவில் மீண்டும் கரடி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டனர். தலைமையாசிரியர் தயங்கினார். நான் பொறுப்பேற்றேன். வாயிலை விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் கரடிக்கு ஒரு குகை கட்டினோம். முன்னால் ஒரு பழைய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டோம். குகைக்கு வரும் வழியில் கயிறு கட்டி, இருபது இருபது பிள்ளைகளாக விட்டோம். காத்திருப்போருக்குக் கதை சொல்ல, வாயாடி மாணவன் ஒருவனைக் கட்டியக்காரனாக நிறுத்தினோம். கரடித்தலையில் வாய்ப்பக்கத்தைப் பெரிதாக வெட்டி வலைத்துணி தைத்தோம். கால் மணிக்கு ஒருமுறை திரையை மூடி, தலையைக் கழற்றி, விசிறினோம்.

முந்திய ஆண்டு விழுந்த மாணவனை அழைத்து, இம்முறையும் நீயே கரடியாக இருக்கிறாயா என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். “வேண்டாம் சார். நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றான். அன்று மாலை முழுவதும் தண்ணீர்ச் செம்பும் பனையோலை விசிறியுமாக அவன் அக்கரடியின் இடப்பக்கத்தில் நின்றான். அதன் வாலைப் பிடிக்க வந்த குழந்தை ஒன்றின் கையை மெல்ல எடுத்துக் கரடியின் கையில் வைத்ததை நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.